பழைய மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் ஹோஸ் மாற்றுவது எப்படி

முன் பிரேக் லீவரை அழுத்தினால் பஞ்சை அமுக்குவதுபோல் உள்ளே போகிறது. ஏர் எடுத்தாலும், அதாவது பிரேக் திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றினாலும், லீவர் கெட்டியாகவில்லை. அல்லது லீவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்து டிஸ்க் சூடேறுகிறது. பழைய பைக்கில் இந்த இரண்டு குறைகளில் எது வந்தாலும் பலர் முதலில் மாஸ்டர் சிலிண்டர் கிட்டை (லீவரை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் உருளையின் உள்பாகங்களை) மாற்றுகிறார்கள், அடுத்து காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) சீலை மாற்றுகிறார்கள். இந்த இரண்டையும் இணைக்கும், வண்டியோடு வந்த ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் ரப்பர் ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. உள்குழாய் தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு அழுத்தத்திலும் ஹோஸ் லேசாக உப்பும். காலிப்பருக்குப் போக வேண்டிய திரவம் அந்த உப்பலை நிரப்புவதிலேயே தீர்ந்துவிடும். உள்குழாய் வீங்கி வழி அடைபட்டால் கதை வேறு. கையின் பலத்தில் திரவம் காலிப்பருக்குப் போய்விடும், ஆனால் திரும்பி வர அதைத் தள்ளும் பலம் காலிப்பர் சீலுக்கு இல்லை. அதனால்தான் பிரேக் விடாமல் பிடிக்கிறது.

இரண்டாவது குறைக்கு ஹோஸ்தான் காரணமா என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். சக்கரம் பிடித்திருக்கும்போது காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகை) கால் சுற்று திறங்கள். சக்கரம் உடனே விட்டுவிட்டால் காலிப்பர் பிஸ்டன் சிக்கவில்லை, திரவம் மேலே எங்கோ தடைபடுகிறது என்று பொருள். நிப்பிளை மூடிவிட்டு மறுபடி பிரேக் பிடித்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டர் அருகிலுள்ள பேஞ்சோ போல்ட்டை (ஹோஸ் முனையின் வளையக் கண்ணான பேஞ்சோவைப் பூட்டும், உள்ளே துளையுள்ள போல்ட்டை) ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் தடை ஹோஸில் இருக்கிறது. விட்டுவிட்டால் தடை மாஸ்டர் சிலிண்டரில். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

எந்தச் சோதனையும் இல்லாமல் வயதை வைத்தே முடிவு செய்வதும் சரிதான். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலருடைய பராமரிப்பு அட்டவணையில் பிரேக் ஹோஸின் ஆயுள் 4 ஆண்டு, திரவத்தின் ஆயுள் 2 ஆண்டு என்று இருக்கும். 1970களில் வந்த வண்டியில் முதல் ஹோஸே இன்னும் இருக்கிறது என்றால், விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது போக வேண்டியதுதான். இங்கே சொல்வதெல்லாம் ஹைட்ராலிக் முன் டிஸ்க் உள்ள வண்டிகளுக்கு. கேபிளில் இயங்கும் டிரம் பிரேக்குக்கு இது பொருந்தாது. பிஎம்டபிள்யூ ஆர்90/6 போன்ற சில வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும். லீவரிலிருந்து அதுவரை கேபிள், அதற்குப் பிறகுதான் திரவம். அவற்றில் டேங்கைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

புது ஹோஸை வாங்கி வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுவதே நல்லது. வண்டி பாதி பிரித்த நிலையில் நாள்கணக்கில் நின்றால், திறந்து கிடக்கும் மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் ஈரத்தை வாங்கி உள்ளே துருப்பிடிக்கும்.

முதலில் வண்டியில் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். 1969ல் வந்த ஹோண்டா சிபி750, தொழிற்சாலையிலிருந்தே முன் டிஸ்க்குடன் பெருமளவில் விற்ற தொடக்ககால வண்டிகளில் ஒன்று. அதிலும் அதற்குப் பின்வந்த பலவற்றிலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ஹோஸ் ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியில் உள்ள மூவழி இணைப்புக்கு வரும். பிரேக் லைட்டை எரிய வைக்கும் பிரஷர் ஸ்விட்ச் அந்த இணைப்பில்தான் இருக்கும். அங்கிருந்து இன்னொரு ஹோஸ், சில வண்டிகளில் அதோடு ஒரு சிறிய இரும்புக் குழாய், அதற்குப் பிறகு காலிப்பர். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே ஹோஸாகப் போடுவது இன்று வழக்கம். இணைப்புகள் குறையும், கசிவுக்கான இடங்களும் ஏர் தங்கும் மூலைகளும் குறையும். ஆனால் மூவழி இணைப்பை எடுத்தால் பிரேக் லைட் ஸ்விட்ச்சும் போய்விடும். அதற்குப் பதில் ஸ்விட்ச் பொருத்திய பேஞ்சோ போல்ட் ஒன்றை மாஸ்டர் சிலிண்டரில் போட வேண்டும். இதைச் சேர்த்தே வாங்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முன் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது.

நீளம் அளப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பழைய ஹோஸின் நீளத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். முந்தைய உரிமையாளர் ஹேண்டில்பாரை மாற்றியிருந்தால் அந்த அளவு ஏற்கெனவே தவறு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி செய்யுங்கள். ஃபோர்க் முழுவதும் நீண்டு நிற்கும் இந்த நிலையில்தான் ஹோஸுக்கு அதிக நீளம் தேவை. ஒரு பழைய கிளட்ச் கேபிளின் உறையையோ வளைத்தால் அப்படியே நிற்கும் கம்பியையோ ஹோஸ் போகும் வழியில் வையுங்கள். அசல் கிளிப்புகள் வழியாகவே அது போக வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இரண்டில் எதில் அதிகம் இழுக்கிறதோ அந்த நிலையில் பேஞ்சோ கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடு வரை அளந்து, 20 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு முட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டு, பிரேக் பிடித்தபடி ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள். கம்பியின் வளைவு டயரையோ ஹெட்லைட்டையோ தொடக் கூடாது. குட்டையான ஹோஸ் பள்ளத்தில் சக்கரம் தொங்கும் அந்த ஒரு கணத்தில்தான் இழுபடும். நிறுத்தி வைத்த வண்டியில் அது தெரியாது.

அடுத்தது மரை. பேஞ்சோ போல்ட்டில் மூன்று வகை பரவலாக உண்டு. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி. இத்தாலிய பிரெம்போ பாகங்களில் பெரும்பாலும் அதே 10 மி.மீ. விட்டம், ஆனால் இடைவெளி 1.0 மி.மீ. பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகள் பலவற்றில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அங்குல போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ. சொச்சம், இடைவெளி 1.06 மி.மீ. ஆகையால் அது 1.0 மி.மீ. துளைக்குள் தளர்வாகப் போய்ப் பிடித்ததுபோலக் காட்டும். இறுக்கும்போது அலுமினிய மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். 1.25 போல்ட்டை 1.0 துளையில் விட்டால் இரண்டு சுற்றில் கடித்து நிற்கும். அங்கே பலம் கொடுப்பவர் மாஸ்டர் சிலிண்டரையே இழப்பார். பழைய போல்ட்டை மரை அளக்கும் கேஜில் வைத்துப் பாருங்கள். கேஜ் இல்லையென்றால் அளவு தெரிந்த போல்ட்டின் மரையோடு மரையை ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி ஒன்றானால் இடையில் ஒளி தெரியாது.

போல்ட்டின் நீளமும் முக்கியம். ஒரே இடத்தில் இரண்டு ஹோஸ்கள் வந்து சேரும் இரட்டை டிஸ்க் வண்டிக்கு இரண்டு வரிசைத் துளையுள்ள நீண்ட போல்ட் வேண்டும். அதை ஒற்றை ஹோஸுக்குப் போட்டால் வாஷர் நசுங்கும் முன் போல்ட் துளையின் அடியில் முட்டிக்கொள்ளும். இறுகியதாகக் கை சொல்லும், ஆனால் திரவம் கசியும்.

பேஞ்சோவின் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நேர், 20, 45, 90 டிகிரி எனப் பல உண்டு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும்போது ஹோஸ் மீட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இயல்பாக இறங்க வேண்டும், முதுகு வளைத்து மேலே ஏறிப் பிறகு இறங்கக் கூடாது. அப்படி மேலே ஏறிய வளைவில் ஏர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ரப்பரா, ஸ்டீல் பின்னலா? அசல் தோற்றம் முக்கியமானால் ரப்பர். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது முக்கியமானால் டெஃப்லான் உள்குழாயும் மேலே ஸ்டெயின்லெஸ் பின்னலும் உள்ள ஹோஸ். அது உப்பாது, பழைய ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் அந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். வாங்கினால் பிளாஸ்டிக் உறை போட்டதை மட்டும் வாங்குங்கள். வெறும் பின்னல், உரசும் இடத்தில் பெயின்ட்டையும் அலுமினியத்தையும் அரம் போல அறுக்கும். கறுப்பு உறை போட்டது தூரத்திலிருந்து ரப்பர் ஹோஸ் போலவே தெரியும், ஆகவே பழைய வண்டியின் அழகும் கெடாது.

தேவையான பொருள்கள்

புது ஹோஸ், பேஞ்சோ போல்ட்டுகள், செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள். ஒவ்வொரு பேஞ்சோவுக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக ஒரு ஹோஸுக்கு நான்கு. இரண்டு பேஞ்சோக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும் இடத்தில் மூன்று. இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சீல் உடைக்காத பிரேக் ஃப்ளூயிட். ஒற்றை காலிப்பருக்கு 250 மி.லி. போதும், இரட்டைக்கு 500. எந்த வகை என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 தாராளமாகப் போடலாம். புதிய நிலையில் கொதிநிலை டாட் 3க்கு குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230. டாட் 5 மட்டும் சிலிக்கோன், முற்றிலும் வேறு பொருள். பழைய ஹார்லி டேவிட்சன்கள் பலவற்றில் அதுதான் இருக்கும். இரண்டையும் கலக்கவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகமானால் ஒரு பாட்டிலில் சிறிது எடுத்துத் தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். கிளைக்கால் கரைந்துவிடும், சிலிக்கோன் தனியாகப் பிரிந்து நிற்கும்.

பிளீடர் நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், அதற்கு மேல் போட ஒளி ஊடுருவும் குழாய், ஒரு கண்ணாடிப் புட்டி, 60 மி.லி. ஊசி இல்லா சிரிஞ்ச், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), துருநீக்கி ஸ்பிரே, நிறையத் துணி, ஒரு வாளித் தண்ணீர். இடையில் இரும்புக் குழாய் உள்ள வண்டிக்கு நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனரும் கட்டாயம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு முகத்தை மட்டும் பிடிப்பதால் பழைய மென்மையான நட் உருண்டுவிடும். ஜப்பானிய வண்டியானால் மாஸ்டர் சிலிண்டர் மூடியின் ஸ்குரூக்களுக்கு ஜப்பானிய அளவுக்குச் செய்த நட்சத்திர ஸ்குரூ டிரைவர் வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சாதாரண நட்சத்திர டிரைவர் அந்தத் தலைக்குள் முழுவதும் இறங்காமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும்.

முதல் வேலை: நிப்பிள்

எதையும் கழற்றும் முன், எதையும் வாங்கும் முன்கூட, காலிப்பரின் பிளீடர் நிப்பிள் திறக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டு திறக்காத நிப்பிள் காலிப்பரோடு சேர்ந்து துருப்பிடித்திருக்கும். அது உள்ளேயே முறிந்தால் ஹோஸ் வேலை காலிப்பர் வேலையாக மாறிவிடும். முந்தைய நாளே துருநீக்கி அடித்து ஊற விடுங்கள். அறுமுக சாக்கெட்டை மாட்டி, அதன் தலையில் சிறு சுத்தியலால் நாலைந்து முறை லேசாகத் தட்டுங்கள். முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டு, பிறகு தளர்த்துங்கள். அந்தச் சின்ன அசைவிலேயே துருவின் பிடி விடும். ஸ்பேனர் ரப்பர்போலச் சுழல்வதாகக் கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நிப்பிள் முறுகிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அப்போது காலிப்பரைக் கழற்றிக்கொண்டு போய், பிரித்து, சூடேற்றித் திறப்பதே வழி. வண்டியிலேயே, திரவம் உள்ளே இருக்கும்போது நெருப்பைக் காட்டாதீர்கள்.

பழையதைக் கழற்றுதல்

ஹோஸ் எந்தக் கிளிப்பில், எந்தக் கேபிளுக்கு முன்னால், எதற்குப் பின்னால் போகிறது என்று பல கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க், மட்கார்டு, மீட்டர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளாலும் அதன்மேல் கனத்த துணியாலும் மூடுங்கள். கிளைக்கால் திரவம் பெயின்ட்டைச் சில நிமிடத்தில் கிளப்பிவிடும். சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றுவது மேல். அது தண்ணீரில் கரையும், துடைத்தால் பரவும்.

ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் மட்டமாக நிற்கும்படி வைத்து மூடியைத் திறங்கள். பழைய திரவத்தை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையைப் புட்டியில் விட்டு, திறந்து, லீவரை மெல்ல இயக்கி மிச்சத்தையும் வெளியேற்றுங்கள். இப்போது கீழ்முனையைக் கழற்றுங்கள், அதன் பிறகே மேல்முனை. மேலே முதலில் கழற்றினால் ஹோஸில் நின்ற திரவம் டேங்கின் பக்கம்தான் சிந்தும்.

இரும்புக் குழாயோடு சேரும் ஹோஸில் இரண்டு ஸ்பேனர் தேவை. ஹோஸின் அறுகோணத்தை ஒன்றால் அசையாமல் பிடித்து, குழாயின் நட்டை மற்றதால் திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், பிறகு அது எந்த நட்டிலும் நேராக உட்காராது. குழாயை மாற்றாமல் வைத்துக்கொள்வதானால் ரப்பர் வளையமோ கிளிப்போ மூடியிருந்த இடத்தை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். துரு அங்கேதான் மறைந்து குழாயைத் தின்னும்.

வாஷர் உட்காரும் இடம்

இந்த வேலையில் மிக அதிகப் பொறுமை வேண்டிய இடம் இது. பேஞ்சோ இணைப்பில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, நசுங்கிய வாஷர்தான். அந்த வாஷர் உட்காரும் முகம் சுத்தமாக இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

பேஞ்சோவைக் கழற்றியதும் வெளிப்பக்க வாஷர் போல்ட்டோடு வந்துவிடும். உள்பக்க வாஷர் பல நேரம் மாஸ்டர் சிலிண்டரின் குழிக்குள் ஒட்டிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அழுக்கேறி அலுமினியத்தின் நிறத்துக்கே வந்திருப்பதால் அது உடலின் ஒரு பகுதி என்றே தோன்றும். கூர்மையான ஊசியால் குழியின் ஓரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். ஊசி மெல்லிய கோடு ஒன்றில் சிக்கினால் அங்கே ஒரு வாஷர் இருக்கிறது. அதை அடியில் நெம்பி எடுங்கள், உட்காரும் முகத்தில் கீறாதீர்கள். அதை விட்டுவிட்டு மேலே புது வாஷரைப் போட்டால், இரண்டு வாஷருக்கும் நடுவே திரவம் வழி கண்டுபிடிக்கும். காலிப்பர் பக்கமும் இதே சோதனை.

முகத்தைத் துணியாலும் பிரேக் கிளீனராலும் துடைத்து, விரல் நகத்தை ஆரமாக ஓட்டுங்கள், அதாவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. வட்டமாகப் போகும் மெல்லிய கோடுகள் தொந்தரவு தராது. நடுத்துளையிலிருந்து வெளியே ஓடும் ஒரே ஒரு கீறல் போதும், கசிவு நிச்சயம். அப்படி இருந்தால் மெல்லிய உப்புத்தாளைத் தட்டையான முனையில் ஒட்டி, வட்டமாகத் தேய்த்து அந்தக் கீறலை எடுக்க வேண்டும். தூள் உள்ளே போகாமல் துளையை அடைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் இவை எதுவும் உள்ளே படக் கூடாது. பிரேக் சீல் ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் வீங்கிவிடும். கழுவப் பிரேக் ஃப்ளூயிடோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ போதும்.

இதே நேரத்தில் மாஸ்டர் சிலிண்டர் தொட்டியின் அடியைப் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும்: ஒன்று நன்றாகத் தெரியும், மற்றது குண்டூசி முனை அளவு. லீவரை விட்டதும் சூடேறிய திரவம் தொட்டிக்குத் திரும்புவது அந்தச் சின்னத் துளை வழியாகத்தான். பழைய திரவத்தின் படிவு அதை அடைத்திருந்தால் புது ஹோஸ் போட்டும் பிரேக் பிடித்தபடியே இருக்கும், ஏரும் வெளியேறாது. மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதில் நுழைத்துச் சுத்தம் செய்யுங்கள். டிரில் வைத்துப் பெரிதாக்கினால் அடியில் ஓடும் சீல் அந்த விளிம்பில் கிழியும்.

புது ஹோஸைப் பூட்டுதல்

ஹோஸை முதலில் அதன் வழியில் செலுத்துங்கள், பிறகு முனைகளைப் பூட்டுங்கள். இரண்டு முனையிலும் வாஷர், பேஞ்சோ, வாஷர் என்ற வரிசையில் போல்ட்டைக் கையாலேயே திருகுங்கள். சரியான மரையானால் கடைசி வரை விரலுக்கு இலகுவாகப் போகும். மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அங்கே அதற்கு வேலை இல்லை, பிய்ந்த துணுக்கு போய் அந்தச் சின்னத் துளையை அடைக்கும்.

இறுக்கும் முன் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உறையின்மேல் அச்சடித்த எழுத்து வரிசை ஒரே பக்கமாக ஓட வேண்டும். முறுக்கோடு பூட்டிய ஹோஸ் நேராக முயன்று முயன்று பேஞ்சோவைத் தளர்த்தும். இறுக்கும்போது பேஞ்சோ போல்ட்டோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். மறுகையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முனையில் சுழலாத ஆண் மரை உள்ள ஹோஸ்கள் பழைய வண்டிகளில் உண்டு. அவற்றில் ஹோஸையே திருப்பித்தான் பூட்ட முடியும். அந்த முனையை முதலில் முழுவதும் இறுக்கிவிட்டு, பிறகு மறுமுனையை இணையுங்கள்.

எஃகு பேஞ்சோ போல்ட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை பொதுவான இறுக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. அலுமினிய பேஞ்சோ போல்ட் அவ்வளவு தாங்காது. அதன் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த அளவில் நிறுத்துங்கள். மூவழி இணைப்பை வைத்துக்கொண்டால் அதன் போல்ட்டை மறக்க வேண்டாம்.

இப்போது முன் சக்கரத்தை மறுபடி தூக்கி, ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்புங்கள். ஹோஸ் எங்கும் இழுபடக் கூடாது, திராட்டில் கேபிளைத் தள்ளக் கூடாது. ஃபோர்க்கை அமுக்கியும் பாருங்கள்.

ஏர் எடுத்தல்

3.2 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் ஹோஸ் நிறைய 8 மி.லி. திரவம் போதும். ஆனால் 14 மி.மீ. பிஸ்டன் ஒரு முறை 10 மி.மீ. நகர்ந்தால் தள்ளுவது ஏறத்தாழ ஒன்றரை மி.லி.தான். நடுவில் இருக்கும் காற்று அழுந்தி விரிந்துகொண்டே இருப்பதால் அதுவும் முன்னேறாது. அதனால்தான் காலியான ஹோஸை லீவரால் மட்டும் நிரப்ப முயல்பவர்கள் மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். கீழிருந்து மேலாக நிரப்புவது எளிது, காற்றும் மேலே போகவே விரும்பும்.

சிரிஞ்சில் புதுத் திரவத்தை நிரப்பி, அதன் குழாயிலும் காற்று இல்லாமல் செய்து, நிப்பிளில் இறுக்கமாக மாட்டுங்கள். நிப்பிளை அரைச்சுற்று திறந்து மெதுவாக அழுத்துங்கள். சிறிது நேரத்தில் தொட்டியின் அடியில் குமிழிகள் வரும், பின்னால் தெளிந்த திரவம் எழும். ஒருவர் மேலே நின்று தொட்டி வழியாமல் பார்த்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே சிரிஞ்சைக் கழற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: காலிப்பருக்குள் பழுப்புக் கசடு இருக்கும் வண்டியில் இப்படிச் செய்தால் கசடு அப்படியே மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறிவிடும். கழற்றும்போது வந்த திரவம் கலங்கலாக இருந்தால் முதலில் காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

மிச்ச ஏரை வழக்கமான முறையில் எடுக்கலாம். தொட்டியில் திரவம் நிரப்பி மூடியை மேலே சும்மா வையுங்கள். திறந்து வைத்து லீவரை அழுத்தினால் சின்னத் துளையிலிருந்து திரவம் பீய்ச்சி அடிக்கும். லீவரை மெதுவாக மூன்று முறை இயக்கி, அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். லீவர் உள்ளே போகும். அது முட்டும் முன் நிப்பிளை மூடுங்கள், பிறகே லீவரை விடுங்கள். இந்த வரிசை மாறினால் நிப்பிள் வழியாகவே காற்று உள்ளே வரும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் லீவரைக் கைப்பிடி வரை போக விடாதீர்கள். சிலிண்டரின் கடைசிப் பகுதியில் பிஸ்டன் பல ஆண்டு போயிருக்காது, அங்கே துரு இருக்கும். சீல் அதில் உரசிக் கிழிந்தால் மறுநாளே கிட் வாங்க வேண்டிவரும். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே 15 மி.மீ. மரத்துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் திரவம் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கிக் காற்றை உறிஞ்சினால் மறுபடி முதலிலிருந்து.

குமிழி வருவது நின்றும் லீவர் பஞ்சாகவே இருக்கிறதா? பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் பேஞ்சோவில் ஏர் நிற்கிறது. அதுதான் அமைப்பிலேயே உயரமான மூலை, கீழே எவ்வளவு எடுத்தாலும் அது இறங்கி வராது. பேஞ்சோவைத் துணியால் சுற்றி, லீவரை அழுத்திப் பிடித்து, போல்ட்டை எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, சீறல் நின்றதும் இறுக்குங்கள். லீவரை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, அடுத்தடுத்து மெல்லத் தட்டிக்கொண்டே தொட்டியைப் பார்த்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் மணிபோன்ற குமிழிகள் அந்தச் சின்னத் துளையிலிருந்து எழுவது தெரியும். ஹோஸைக் கீழிருந்து மேலாக ஸ்பேனரின் பிடியால் தட்டிக்கொடுங்கள். காலிப்பரில் நிப்பிள் மேல்பக்கமாக இல்லாத வண்டியில் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே மரக்கட்டை செருகி, நிப்பிள் உச்சியில் வருமாறு தூக்கிப் பிடித்து ஏர் எடுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகும் சற்றுக் குறை இருந்தால், மூடியைப் போட்டு, லீவரை ரப்பர் பட்டையால் கட்டி ஓர் இரவு விடுங்கள். அழுத்தத்தில் சுருங்கிய குமிழிகள் சுவரை விட்டு மேலே சேரும். காலையில் பட்டையை அவிழ்த்ததும் தொட்டிக்குள் போய்விடும்.

நிப்பிளுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். பழக்கமில்லாத கை அதைத்தான் அதிகம் இறுக்கும். ரப்பர் மூடியைத் திரும்பப் போடுங்கள். தொட்டியை மேல்கோடு வரை நிரப்பி, உள்ளிருக்கும் ரப்பர் மடிப்புத் தாளைத் துடைத்து, மடிப்புகளை உள்ளே தள்ளிய பிறகு மூடுங்கள்.

ஓட்டும் முன்

எல்லா இணைப்புகளையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளேயே விடுகிறது. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரியும். பேஞ்சோவில் ஈரம் கண்டால் சொன்ன அளவுக்குள் இன்னும் சிறிது இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், பிரித்து வாஷரையும் உட்காரும் முகத்தையும் மறுபடி பாருங்கள்.

லீவரை விட்டதும் சக்கரம் கையால் சுற்றினால் சுழல வேண்டும், பேட் லேசாக உரசும் சத்தம் இயல்பு. முன் லீவரைப் பிடித்தால் பிரேக் லைட் எரிய வேண்டும். டிஸ்க்கில் ஒரு துளி திரவம்கூட இருக்கக் கூடாது. பேடில் பட்டிருந்தால் பேடை மாற்றுங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் இருக்கட்டும். பின் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, முன் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை பிடித்துப் பார்த்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். வீடு திரும்பியதும் மறுபடி காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள், உரசல் தடம் எங்காவது விழுந்திருக்கிறதா என்று ஹோஸ் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் பேஞ்சோக்களின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.

வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய பாட்டிலில் பெயர் எழுதி, பழைய எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். புட்டியில் மிஞ்சிய புதுத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.